விமானப் போர்வீரர் இந்திரலால் ராய்

பெரியோர்களுடைய சரித்திரங்களை நாம் படிப்பது அவர்கள் அடைந்த கீர்த்தியைக் கண்டு வியப்பதற்கு மட்டுமன்று. அக்கீர்த்தியை அடையுமுன் அவர்கள் எந்த வாயிலில் நின்றார்கள், அவ்வாயில் எவ்வாறு அடைபட்டது, அதனை எவ்வழியில் திறப்பித்தார்கள் என்பனவற்றை அறிந்து நம் மக்களுக்கு எடுத்துச் சொல்லுதற்பொருட்டுமாம். வெற்றி பெற்ற நாளை உலகம் நினைவில் வைக்கிறது. விண்ணப்பம் செய்து காத்திருந்த நாளை மறந்துவிடுகிறது. கற்கும் பருவத்திலுள்ளோர்க்கு இரண்டாவதே பெரிதும் பயன்படுவது.

முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சு தேசத்து வானில் போர் புரிந்து, இருபது வயது நிரம்புமுன் உயிர் துறந்த வங்காள இளைஞர் இந்திரலால் ராய் என்பவரின் வாழ்க்கையை இம்மாதம் நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுகின்றோம். பதின்மூன்று நாட்களில் பத்துப் பகை விமானங்களை அவர் வென்றார் என்பது பலர் கேட்ட செய்தி. அந்தப் பதின்மூன்று நாட்களுக்கு முன்னே கழிந்த பதினைந்து மாதங்களைப் பற்றியே நாம் விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம்.

குடியும் பிறப்பும்

வங்காளத்தில் பாரிஸால் ஜில்லாவைச் சேர்ந்த லக்குடியா என்னும் ஊரில் ஜமீன் செல்வாக்கோடு வாழ்ந்தது ராய் குடும்பம். அப்பகுதி இன்று வங்காள தேசத்தில் அடங்கியுள்ளது. அக்குடும்பத்தில் தோன்றிய பியாரிலால் ராய் பாரிஸ்டர் பட்டம் பெற்று, கல்கத்தாவில் அரசாங்கத் தரப்புக் குற்ற வழக்குகளை நடத்தும் உயர்ந்த உத்தியோகத்தை வகித்தார். அவருடைய மனைவியார் லலிதா ராய். இவ்விருவர்க்கும் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி கல்கத்தாவில் இந்திரலால் பிறந்தார்.

தாய்வழியிலும் பெருமை குறைந்த குடியன்று. இந்திரலாலின் பாட்டனார் டாக்டர் சூரியகுமார் குடீவ் சக்ரவர்த்தி என்பவர், கடல் கடந்தால் ஜாதி கெடுமென்று அஞ்சிய அக்காலத்தில், 1845-ஆம் ஆண்டிலேயே லண்டன் சென்று மேனாட்டு வைத்தியம் பயின்றார். இந்திய மருத்துவ உத்தியோகத்தில் சேருவதற்குப் போட்டிப் பரீக்ஷை ஏற்பட்ட 1855-ஆம் ஆண்டில் அதில் தேறி, அவ்வுத்தியோகத்தில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். சிபாரிசும் பிறப்பும் ஆண்ட இடத்தில் பரீக்ஷை வந்தவுடன், கற்றவன் உள்ளே புகுந்தான். இக்குடும்பத்தின் பிற்காலச் செய்திகளுக்கெல்லாம் இதனை ஒரு முன்னுரை எனலாம்.

தாயார் லலிதா ராய் இந்த நூற்றாண்டுப் பெண்மணிகளுக்கும் முன்மாதிரியாகச் சொல்லத்தக்கவர். 1901-ஆம் ஆண்டளவில் மக்கள் அறுவரோடும் லண்டன் சென்று குடியேறி, அவர்களுடைய கல்வியைத் தாமே முன்னின்று கவனித்தார். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று லண்டன் மாநகரில் பல்லாயிரம் மாதர் கூடிச் சென்ற பெரிய ஊர்வலத்தில், இந்திய மாதர் குழுவில் ஒருவராக நடந்தார். கொடுக்காத உரிமையைக் கேட்டுப் பெறவேண்டும் என்னும் பாடத்தைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனான இந்திரலால் தன் வீட்டிலேயே கண்டான்.

கல்வி

லண்டனில் ஹாமர்ஸ்மித் என்னுமிடத்திலிருந்த புகழ்பெற்ற செயின்ட் பால் பள்ளியில் இந்திரலால் பயின்றார். அப்பள்ளியின் மாணவர் படையில் சேர்ந்து அணிவகுப்பும் துப்பாக்கிப் பழக்கமும் கற்றார். படிப்பிலும் பின்தங்கினாரல்லர், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சேர்ந்து படிப்பதற்கு உபகாரச் சம்பளம் பெறும் அளவுக்குத் தேர்ச்சியடைந்தார். ஆக்ஸ்போர்டு சென்று, ஐ.சி.எஸ். பரீக்ஷையில் தேறி, ஜில்லா அதிகாரியாகத் தாய்நாடு திரும்புவதே அக்காலத்தில் இத்தகைய மாணவர்க்கு வகுத்த ராஜபாட்டை.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யுத்தம் மூண்டது. அப்பொழுது இந்திரலாலுக்கு வயது பதினைந்து. மூத்த சகோதரர் பரேஷ்லால் பீரங்கிக் கம்பெனி எனப் பெயர் பெற்ற லண்டன் படைப்பிரிவு ஒன்றில் சாதாரணப் போர்வீரராகச் சேர்ந்து பிரான்சு சென்றார். இவரே பின்னாளில் தாய்நாடு திரும்பி, இந்தியாவில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குத் தந்தை எனப் போற்றப்பட்டவர். தமையனார் தரைப்படையிற் சேர, தம்பியின் மனம் வானத்தை நாடிற்று. ரைட் சகோதரர்கள் விமானத்தைப் பறக்கவிட்டு அப்பொழுது பதினோராண்டுகளே கழிந்திருந்தன. நேற்றுப் பிறந்த அக்கலை, இளைஞர்களின் நெஞ்சைக் கொள்ளை கொண்டிருந்தது.

அடைபட்ட வாயில்

அந்நாளில் பிரிட்டிஷ் படைகளில் அதிகாரி ஆவதற்கு இந்தியர்க்கு எத்தகைய இடம் இருந்தது என்பதை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். யுத்தத்துக்காகக் கடல் கடந்து சென்ற இந்தியர்களின் தொகை பத்து லட்சத்துக்கு மேற்பட்டது. ஆயின் அவர்களில் எத்தனை அனுபவசாலியாயினும் ஒருவர் சுபேதார், ஜமேதார் என்னும் பதவிகளுக்கு மேல் உயர முடியாது. நேற்றுச் சேர்ந்த இளம் ஆங்கில அதிகாரிக்கும் அவர் கீழ்ப்படிந்தவரே. அரசரின் நேர்க்கட்டளை பெற்ற அதிகாரிப் பதவியைக் கோருவோர் தூய ஐரோப்பிய வம்சத்தினராக இருத்தல் வேண்டுமென்று விதியிலேயே எழுதி வைத்திருந்தனர். இந்தியப் படையில் அப்பதவி ஒன்பது இந்தியர்க்கு வழங்கப்பட்டது 1917-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேதான்.

ராவல்பிண்டியைச் சேர்ந்த ஹர்தித் சிங் மாலிக் என்னும் சீக்கிய இளைஞர் இதே காலத்தில் ஆக்ஸ்போர்டில் படித்து முடித்து விமானப் படையில் சேர விரும்பினார். இடம் கிடைக்கவில்லை. அவர் பிரெஞ்சுக்காரரின் காயம்பட்டோர் வண்டியை ஓட்டும் பணியை மேற்கொண்டு பிரான்சு சென்று, பிரெஞ்சு விமானப் படையிலேனும் சேர முயன்றார். இதனையறிந்த அவருடைய ஆக்ஸ்போர்டு ஆசிரியர், பிரெஞ்சுக்காரர் ஏற்கும் ஒருவரைப் பிரிட்டிஷார் மறுப்பது முறையோ என்னும் கருத்துப்பட, விமானப் படைத் தலைவர் ஜெனரல் ஹெண்டர்ஸனுக்குக் கடிதம் எழுதினார். 1917-ஆம் ஆண்டில் மாலிக்கும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். தலைப்பாகையைக் களையாமல் அதன்மேல் பொருந்தும்படி தனியே செய்வித்த தலைக்கவசத்தை அணிந்து அவர் பறந்தார். பம்பாயைச் சேர்ந்த வெலிங்கர், கல்கத்தாவைச் சேர்ந்த சென் என்னும் இருவரும் அக்காலத்தில் விமானிகளாயினர். இந்திரலாலையும் கூட்டினால் இந்நால்வரே அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானங்களை ஓட்டிப் போரிட்ட இந்தியராகப் பெயர் பெற்றவர்கள்.

வாயில் திறந்தது கருணையினால் மட்டுமன்று. தேவையும் அதனைத் திறந்தது. 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒன்றில் மட்டும் பிரான்சில் பிரிட்டிஷ் விமானப் படை 245 விமானங்களை இழந்தது. குருதி தோய்ந்த ஏப்ரல் என்றே அம்மாதத்தைச் சரித்திரக்காரர் வழங்குவர். பறப்பதற்கு ஆள் வேண்டியிருந்தபோது, விண்ணப்பிப்போரின் நிறம் சற்றே மங்கலாகத் தெரிந்தது போலும். அந்த ஏப்ரல் மாதத்திலேதான் பதினெட்டு வயது நிரம்பிய இந்திரலால் ராயல் பிளையிங் கோர் என்னும் அந்த விமானப் படையில் சேர்ந்தார். ஆயின் சேருமுன் அவர் வேறொரு தடையையும் கடக்க நேர்ந்தது.

கண் பரிசோதனை

விமானிக்குத் தேகபலத்தினும் கண்பார்வை முக்கியம். பகைவன் விமானம் தொலைவில் ஒரு கடுகளவாகத் தோன்றும்போதே அதனைக் கண்டுகொள்பவன் பிழைப்பான். பிந்திக் கண்டவன் அழிவான். அன்றியும், தரையிறங்கும்போது நிலம் எத்தனை அடி கீழேயிருக்கிறது என்பதைக் கண்ணே அளந்து கைக்குச் சொல்லவேண்டும். ஆதலின் விண்ணப்பித்தோரின் கண்களைப் படை வைத்தியர்கள் நுணுகிப் பரிசோதித்தனர். அப்பரிசோதனையில் இந்திரலாலின் பார்வை குறையுடையதென்று தீர்மானித்து, அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டனர்.

இங்கே நம் இளைஞர்கள் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தள்ளப்பட்டவர்கள் செய்வன பெரும்பாலும் மூன்று. விதியை நொந்து வீடு திரும்புவர் சிலர். பெரிய மனிதரின் சிபாரிசைத் தேடுவர் சிலர். மறுமுறை பொய் சொல்லி நுழைய முயல்வர் சிலர். இந்திரலால் இம்மூன்றையும் செய்யவில்லை. தம்மிடமிருந்த மோட்டார் சைக்கிளை விற்றார். பதினெட்டு வயது இளைஞனுக்கு மோட்டார் சைக்கிள் எத்துணைப் பிரியமான பொருள் என்பதை ஆண்மக்களைப் பெற்ற இல்லங்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. விற்ற பணத்தைக் கொண்டு, இங்கிலாந்திலேயே தலைசிறந்தவரென மதிக்கப்பட்ட கண் வைத்தியர்களில் ஒருவரிடம் சென்று தம் கண்களை மறுபடி பரிசோதிக்கச் செய்தார். அவ்வைத்தியர் அளித்த முடிவின்மேல் முந்தைய தீர்ப்பு மாற்றப்பட்டது. இந்திரலால் விமானப் படைக்குத் தகுதியுடையவர் ஆனார்.

அவர் தேடியது தம் கண்ணைப்பற்றிய உண்மையை. முதல் வைத்தியர் சொன்னதே உண்மையாயிருப்பின், இரண்டாம் வைத்தியரும் அதனையே சொல்லியிருப்பார்; மோட்டார் சைக்கிளும் போயிருக்கும். அந்த நஷ்டத்துக்கு உடன்பட்டே அவர் சென்றார். சலுகை கேட்பதற்கும் சரியான அளவுகோலைக் கேட்பதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

பயிற்சி

1917-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் தேதி அவர் இரண்டாம் லெப்டினென்ட் என்னும் அதிகாரிப் பதவி பெற்றார். இந்தியப் படையின் ஒன்பதின்மர் அரசரின் கட்டளை பெறுவதற்கு ஒரு மாதம் முற்பட்டது இது.

விமானப் பயிற்சி என்றவுடன் வானத்தில் பறப்பதையே நாம் நினைக்கின்றோம். அதன் முதற்படி தரையிலேயே அமைந்தது. அணிவகுப்பு, படைச் சட்டம், எந்திரத்தைப் பிரித்துப் பூட்டல், சிறகுகளை இழுத்துக் கட்டும் கம்பிகளின் இறுக்கத்தைச் சோதித்தல், தேசப்படம் பார்த்து வழியறிதல், கம்பியில்லாத் தந்தியில் புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பல், இயந்திரத் துப்பாக்கியில் குண்டு சிக்கிக்கொண்டால் நொடியில் அதனை நீக்கல் ஆகிய இவையெல்லாம் கற்றபிறகே மாணவன் விமானத்தில் ஏற்றப்படுவான். அக்காலத்து விமானம் மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் பூசி முடித்த ஒரு கூடு. அதில் எந்தக் கம்பி தளர்ந்தால் என்ன நேரும் என்பதை அறியாதவன் அதில் ஏறுவது தற்கொலையேயாம்.

பிறகு ஆசிரியரோடு இரட்டை ஆசன விமானத்தில் சில மணி நேரம். அதன்பின் ஒருநாள் ஆசிரியர் இறங்கிக்கொள்ள, மாணவன் தனியே ஏறவேண்டும். விமானியின் சிறகுச் சின்னத்தைப் பெறுவதற்கு 1916-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, மாணவன் 15 மணி நேரமேனும் தனியே பறந்திருக்கவேண்டும். இடையில் இருமுறை இறங்கி 60 மைல் தூரம் நாட்டின்மேல் வழியறிந்து செல்லவேண்டும். 6,000 அடி உயரம் ஏறி அங்கே கால் மணி நேரம் நிலைத்திருந்து, எந்திரத்தை நிறுத்திவிட்டு மிதந்து வந்து, 50 கஜ வட்டத்துக்குள் இறங்கி நிற்கவேண்டும். பதினைந்து மணி நேரப் பழக்கத்தோடு ஓர் இளைஞனைப் போர் வானத்துக்குத் தகுதியாக்க முயன்றனர் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் நடுங்குகின்றது. பயிற்சியிலேயே மாண்டோர் பலர். விமானத்திலிருந்து குதித்துத் தப்பப் பாராசூட் என்னும் குடையும் பிரிட்டிஷ் விமானிகளுக்கு அந்த யுத்தத்தில் கொடுக்கப்படவில்லை.

அதே 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்னுமிடத்தில் மேஜர் ஸ்மித்-பாரி என்பவர் பயிற்சி முறையையே மாற்றியமைத்தார் என்பது அறியத்தக்கது. அதுவரையில் ஆசிரியர்கள் மாணவனை அபாயமான நிலைகளிலிருந்து விலக்கியே வைத்தனர். விமானம் வேகமிழந்து சுழன்று வீழத் தொடங்கினால் மாணவன் செய்வதறியாமல் மாண்டான். ஸ்மித்-பாரியோ, ஆசிரியர் உடனிருக்கும்போதே விமானத்தைச் சுழலவிட்டு, அதிலிருந்து மீளும் வகையை மாணவன் கையாலேயே செய்து பழகும்படி விதித்தார். சுழலும் விமானத்தை மேலே இழுக்கவே அச்சங்கொண்ட மனம் தூண்டும். ஆனால் கைப்பிடியை முன்னே தள்ளி விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, சுழற்சிக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானை மிதித்தால்தான் அது வேகம் பெற்று நேராகும். அச்சத்தை மறைத்து வைப்பதினும் அதன் காரணத்தை அறிவதே காவல் என்னும் இவ்வுண்மை, மக்களை வளர்ப்பார்க்கும் பொருந்தும்.

இந்திரலாலின் பறக்கும் பயிற்சி பிரான்சில் வாந்தோம் என்னும் ஊரிலிருந்த விமானப் பள்ளியில் நடந்தது. பின்னர் ஸ்காட்லாந்தின் கடற்கரையில் டர்ன்பெரி என்னுமிடத்தில் வானத்திலிருந்து சுடும் பயிற்சி பெற்றார். பறந்துகொண்டே பறக்கும் இலக்கைச் சுடுவது தனிக் கலை. இலக்கு இருக்குமிடத்தைக் குறிவைத்தால், குண்டு சென்று சேர்வதற்குள் இலக்கு அவ்விடத்தை விட்டு நீங்கிவிடும். அது செல்லப்போகும் இடத்தைக் கணித்துச் சுடவேண்டும். இரு விமானங்களின் வேகத்தையும் திசையையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மனத்தாற் கணக்கிட்டாலன்றி இது கைவராது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

1917-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, விண்ணப்பம் ஏற்கப்பட்ட ஏறக்குறைய ஆறு மாதங்களில், இந்திரலால் பிரான்சிலிருந்த 56-ஆம் விமானப் பிரிவில் சேர்ந்தார். தேர்ந்த வீரர்கள் நிறைந்த பிரிவு அது. அவருடைய அணிக்குக் காப்டன் மேபரி என்பவர் தலைவர். அங்கே ஓட்டவேண்டியது எஸ்.இ.5ஏ என்னும் ஒற்றை ஆசனப் போர்விமானம். 200 குதிரைச் சக்தியுள்ள எந்திரம், மணிக்குச் சுமார் 130 மைல் வேகம், சுழலும் விசிறியின் இடைவெளியில் குண்டு செல்லுமாறு எந்திரத்தோடு இணைத்த துப்பாக்கி ஒன்று, மேற்சிறகின்மீது மற்றொன்று. திறந்த ஆசனத்தில் பல்லாயிரம் அடி உயரத்தில் உறைபனிக் காற்றில் அமர்ந்து, ஓட்டுவதும் வழியறிவதும் சுடுவதும் பின்புறம் நோக்குவதும் ஒருவனே செய்தல் வேண்டும்.

சேர்ந்து ஐந்து வாரங்கள் கழிந்தன. டிசம்பர் 6-ஆம் தேதி அவருடைய விமானம் தரையிறங்கும்போது மோதி நொறுங்கியது. இந்திரலால் பலத்த காயமடைந்தார். அவர் இறந்துவிட்டாரெனக் கருதிப் பிணங்களிடையே கிடத்தினர் என்றும், நினைவு தெளிந்து அவர் கதவைத் தட்டினார் என்றும் ஒரு வரலாறு வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அது எவ்வாறாயினும், அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதும், பறப்பதற்குத் தகுதியற்றவரென்று வைத்தியர்கள் தீர்மானித்ததும் மெய்.

முதல் முறை கண் காரணமாக அடைபட்ட வாயில் இம்முறை தேகத்தின் காரணமாக அடைபட்டது. பகைவன் விமானம் ஒன்றையும் அவர் வீழ்த்தியிருக்கவில்லை. கையிலிருந்தது ஒரு நொறுங்கிய விமானத்தின் கணக்கு மட்டுமே. போதுமென்று அவர் நின்றிருந்தால் ஒருவரும் பழித்திரார். படுக்கையிற் கிடந்த அந்நாட்களில் அவர் விமானங்களைச் சித்திரமாக வரைந்தார். வானில் அவை வளைவதும் மோதுவதும் வீழ்வதுமாக வரைந்த அப்படங்களில் பல இன்றும் அழியாமல் இருக்கின்றன. கை ஓய்ந்திருந்தபோதும் மனம் பயிற்சியை விடவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

உடல் தேறியதும் மேலதிகாரிகளிடம் மீண்டும் மீண்டும் வேண்டி, பறப்பதற்கு அனுமதி பெற்றார். இதற்கிடையில் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தரைப்படையின் விமானப் பிரிவும் கடற்படையின் விமானப் பிரிவும் இணைந்து ராயல் ஏர் போர்ஸ் என்னும் தனிப்படை ஆயின. அப்படையின் 40-ஆம் பிரிவில் ஜூன் மாதத்தில் இந்திரலால் சேர்ந்தார். அயர்லாந்தைச் சேர்ந்த காப்டன் மக்கெல்ராய் என்னும் பெருவீரர் அவருக்கு அணித்தலைவராக வாய்த்தார்.

பதின்மூன்று நாட்கள்

ஜூலை மாதம் 6-ஆம் தேதி, த்ரோக்கூர் என்னும் ஊருக்கு மேலே ஜெர்மானியரின் ஹனோவர் விமானம் ஒன்றை அவர் வென்றார். 8-ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13-ஆம் தேதி இரண்டு. 15-ஆம் தேதி இரண்டு. 18-ஆம் தேதி ஒன்று. 19-ஆம் தேதி ஒன்று. ஆகப் பத்து. அவற்றுள் இரண்டு, தோழர்களோடு கூடிப் பெற்ற வெற்றிகள். ஐந்து விமானங்களை வென்றவரை ஏஸ் என்று சிறப்பித்தழைப்பது அக்கால வழக்கம். அந்த யுத்தத்தில் அப்பெயர் பெற்ற இந்தியர் இந்திரலால் ஒருவரே.

வெற்றியின் கணக்கைச் சொல்லும்போது மற்றொரு கணக்கை நாம் மறைத்தலாகாது. ஹனோவர் இருவர் செல்லும் விமானம். வீழ்ந்த விமானங்களில் இருந்தவர்களும் ஒரு தாயின் மக்களே. பெரும்பாலும் இருபது வயது இளைஞர்களே. யுத்தத்தின் கொடுமையைத் தவிர்த்து அதன் வீரத்தை மட்டும் சிறுவர்க்குக் கற்பிப்பது சரியன்று.

ஜூலை 22-ஆம் தேதி கார்வன் என்னும் ஊருக்கு மேலே போக்கர் விமானங்களோடு நடந்த போரில் இந்திரலாலின் விமானம் வீழ்ந்தது. அவருக்கு அப்பொழுது வயது பத்தொன்பதும் ஏழு மாதமும். அவருடைய தலைவர் மக்கெல்ராயும் ஒன்பது நாட்களில், ஜூலை 31-ஆம் தேதி, போரில் மாண்டார். யுத்தம் முடிய மூன்று மாதங்களும் சில நாட்களுமே இருந்தன. பிரான்சில் எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் பொது மயானத்தில் இந்திரலாலின் கல்லறை இருக்கின்றது. அதில் பிரெஞ்சு மொழியோடு அவருடைய தாய்மொழியாகிய வங்காளியிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, விமானிகளின் வீரத்துக்காக அவ்வாண்டில் ஏற்படுத்திய டிஸ்டிங்குவிஷ்டு பிளையிங் கிராஸ் என்னும் விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. கல்கத்தாவில் பவானிபூர்ப் பகுதியிலுள்ள ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நூற்றாண்டு நிறைவான 1998-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நாம் சிந்திக்க வேண்டுவன

இவர் யாருக்காகப் போரிட்டார் என்னும் வினா நம்மவர் பலர்க்கு எழும். எழுதல் நியாயமே. விருது அறிவித்து ஏழு மாதங்கள் கழியுமுன், 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் தோட்டத்தில் கூடியிருந்த நிராயுதபாணிகளின்மேல் அதே அரசின் படை சுட்டது. இந்தியர் சிந்திய இரத்தத்துக்கு ஈடாக விடுதலை வருமென்று நம்பியோர் ஏமாந்தனர். ஆயினும் இந்திரலாலும் மாலிக்கும் அவர்தம் தோழரும் செய்த காரியம் வீண்போகவில்லை. இந்தியனுக்கு விமானம் ஓட்டும் திறமையும் திடசித்தமும் இல்லையென்று இனி ஒருவரும் சொல்ல முடியாதாயிற்று. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி இந்திய விமானப் படை தோன்றியது. அதன் முதல் அதிகாரிகளில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி, 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அப்படையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார்.

மற்றொன்றையும் நம் சங்கத்தார்க்கு மனந்திறந்து சொல்ல விரும்புகின்றோம். தூய ஐரோப்பிய வம்சம் என்னும் சொற்களைப் படிக்கும்போது நமக்குச் சினம் உண்டாகின்றது. பிறப்பைக் காட்டிக் கதவடைத்தல் எத்துணைக் கொடுமை என்பதை அச்சொற்கள் உணர்த்துகின்றன. ஒரே மரபினர் கூடி ஒருவரையொருவர் தாங்கும்பொருட்டு அமைந்ததே நம் சங்கம். அத்தாங்குதல் நற்காரியம். ஆயின் நம் கையில் ஓர் உத்தியோகமோ, ஒரு பள்ளியோ, ஒரு வீட்டு வாயிலோ இருக்கும்போது, அங்கே வந்து நிற்பவனிடம் நாம் முதலில் கேட்பது அவன் திறமையையா, குலத்தையா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். இந்திரலாலுக்கு நாம் வேண்டும் நீதியைப் பிறர்க்கு மறுத்தால், அவர் சரித்திரத்தைப் படிக்க நமக்கு உரிமையில்லை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. இன்று இப்பணியை நாடும் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு மூலமாகவோ, பட்டம் பெற்றபின் விமானப் படைப் பொது நுழைவுத் தேர்வு மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். ஹைதராபாத்தை அடுத்த துண்டிகல்லில் விமானப் படைக் கழகம் இருக்கின்றது. விமானப் பயிற்சி ஆசிரியர்களையே பயிற்றும் பள்ளி நம் தாம்பரத்தில் அமைந்துள்ளது. 2016-ஆம் ஆண்டு முதல் பெண்களும் போர்விமானிகளாகச் சேர்ந்து வருகின்றனர். ஆதலின் இச்செய்தி ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளின் கண்களைச் சிறு வயதிலேயே தக்க வைத்தியரிடம் காட்டுங்கள். குறையிருப்பின் மறைக்க வேண்டாம். ஒருவர் சொல்லில் ஐயமிருப்பின் மற்றொரு தக்கவரின் முடிவைக் கேட்கத் தயங்கவும் வேண்டாம். முடிவு பாதகமாயினும் பிள்ளையின் ஆயுள் முடிந்துவிடவில்லை என்பதையும் அவனுக்கும் அவளுக்கும் சொல்லுங்கள்.

பத்தொன்பது வயதில் மறைந்த இந்திரலால் நமக்கு விட்டுச் சென்றவை பத்து வெற்றிகள் மட்டுமல்ல. விற்றுவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளும், நோய்ப்படுக்கையில் வரைந்த சில சித்திரங்களுமாம். வெற்றிகள் யுத்தத்தோடு முடிந்தன. மற்றவை இரண்டும், தள்ளப்பட்ட விண்ணப்பத்தைக் கையில் பிடித்து நிற்கும் ஒவ்வோர் இளைஞனுக்கும் யுவதிக்கும் இன்றும் உரிய செல்வங்கள். அவற்றை நம் மக்கள் அறிந்து பயன்கொள்வார்களாக.